சகலையும் பதினான்கு சர்வர்களும்

அணைக்கட்டுக் குடியிருப்பு
ஜனவரி 8

அன்புள்ள சின்ன சகலைக்கு,

பெரிய சகலை எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீ, என் கொழுந்தியாள், குழந்தை மூவரும் அப்படியே இருக்க வேண்டும். உன் இடுப்பு வலி தேவலையா?

கடிதமா என்று சிரிக்காதே. இங்கே செல்போனில் பேச அணைச் சுவரின் மேல் ஏறி நிற்க வேண்டும். பாதிப் பேச்சைக் காற்று கொண்டு போய்விடும். வீட்டில் ஆபீஸ் போன் ஒன்று உண்டு, ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். ஆபீஸ் மெயிலில் எழுதினால் உனக்கு முன்னால் நிர்வாக மேலாளர் படித்துவிடுவார். அதோடு, திரையில் படித்தால் உனக்குத் தலை வலிக்கும். ஆகவே தபால்காரரே துணை.

வந்து மூன்று வாரமாகிறது. பின்னறையில் ஜன்னலோரம் மேசை போட்டாகிவிட்டது. அணை அலுவலகத்திலிருந்து இழுத்த கேபிள், துணி காயப்போடும் கொடிக்கு மேலே வந்து ஜன்னல் வழியாக நுழைந்து என் கணினியில் முடிகிறது. இரண்டு திரை. இடது திரையில் பதினான்கு பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நம் ரத்த வங்கித் தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒரு சர்வர் கணினி. எந்த வகை ரத்தம் எங்கே எத்தனை பை இருக்கிறது என்று நாற்பத்திரண்டு ஆஸ்பத்திரிகள் அந்தப் பதினான்கிடம்தான் கேட்கின்றன. நேற்று இங்கே உட்கார்ந்தபடியே அவற்றில் ஒன்றை நிறுத்தி எழுப்பினேன். அது எழுந்திருக்காவிட்டால் ஒரு பொத்தானை அமுக்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வர வேண்டும்! மூன்றாவது நிமிஷம் பச்சை வந்தது. எழுந்து நின்று கைதட்டினேன். "யாரு வந்திருக்கா?" என்று உன் அண்ணி உள்ளேயிருந்து கேட்டாள்.

அவளுக்கு அணைக்கட்டு வேலை, எனக்கு அணைத்து எழுப்புகிற வேலை. பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்கிருந்தே வேலை பார்த்துக் காட்ட இயக்குநர் ஆறு மாதம் தந்திருக்கிறார். இதை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய ஜூன் பதினேழாம் தேதி கூட்டம். அதற்குள் ஏதாவது பெரிதாகப் படுத்துக்கொண்டால் நான் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வர வேண்டும். அவளுக்கு இந்த அணை அலுவலகத்தில் இன்னும் நான்கு வருஷ வேலை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாக இருந்தாயிற்று. போதும்.

சாவி, கரண்டு, ஏசி எல்லாம் உன் பராமரிப்புப் பிரிவில்தான் இருக்கின்றன. அங்கே எனக்குக் கை நீதான்.

குழந்தையின் கன்னத்தை என் சார்பாகக் கிள்ளு, அழாத அளவுக்கு.

உன் பெரிய சகலை


ஜனவரி 19

மரியாதைக்குரிய பெரிய சகலைக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இடுப்பு அதன் இடத்தில் இருக்கிறது. வலியும் அதன் இடத்தில் இருக்கிறது. குழந்தைக்குச் சளி விட்டது. அண்ணியையும் உங்களையும் என் வீட்டுக்காரி கேட்டாள்.

நம் மாமியார் வீட்டுச் செய்தி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய மாப்பிள்ளை வேலைய விட்டுட்டாரு. பொண்ணு வேலைக்குப் போறா, இவரு வீட்டுல டிவி மாதிரி ஒண்ணைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காராம்." நான் உடனே மறுத்துப் பேசினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏழு வருஷமாக "பெரிய மாப்பிள்ளையைப் பாரு, பெரிய மாப்பிள்ளையைப் பாரு" என்று கேட்டுக் கேட்டுக் காய்ந்த காது இது. ஒரு ஐந்து நிமிஷம் குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை. "அத்தை, அவரு அங்கேயிருந்து வேலைய நிறுத்தினா நாப்பத்திரண்டு ஆஸ்பத்திரி நின்னுடும்" என்றேன். "அப்போ டாக்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை வரும்போது அவருக்கு நாடி பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

மேலாளர் தினம் ஒரு தடவை சர்வர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறார். "வீட்டுல உக்காந்து சர்வர் பாக்கறதா? வெங்காயம் உரிச்சா கண்ணு தெரியுமா?" என்கிறார். நான் சிரித்து வைத்தேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் வேறு என்ன செய்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக்காற்று காதில் ஏறாமல் துண்டு கட்டுங்கள்.

உங்கள் சின்ன சகலை


பிப்ரவரி 12

அன்புச் சகலைக்கு,

டாக்டர் எழுதுவது! நோயாளிகள் பதினான்கு பேரும் நலம். உன் வீட்டிலும் நலம்தானே?

நேற்று நீ எனக்குக் கொடுத்த நிம்மதிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒன்பதாவது சர்வரின் டிஸ்க் ஒன்று சாகப் போகிறது என்று எனக்கு இரண்டு நாளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அங்கே இருந்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் கண்டிருக்க மாட்டேன். அங்கே நான் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பேன். இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அதனால் சர்வர் பேசுவது காதில் விழுகிறது.

நீ கழற்றி மாட்டிய அந்த நான்கு நிமிஷம் நான் மூச்சு விடவில்லை. உன் அண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நின்றுகொண்டு, "டிஸ்க் மாத்தறது அவரு, வேர்க்கறது உங்களுக்கா?" என்றாள். மத்தியானத்தில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், சகலை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வேலை நாளில் இது புதிது. அவள் சாப்பிடும்போது கால் ஆட்டுவாள் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

உன் வீட்டுக்காரியை விசாரித்தேன் என்று சொல்.

உன் பெரிய சகலை


பிப்ரவரி 26

பெரிய சகலைக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே குளிர் குறைந்ததா?

டிஸ்க் மாற்றிய கதையை என் பெண்ணிடம் சொன்னேன். "அப்பா, நீ டாக்டருக்கு நர்ஸா?" என்றாள். சின்ன மாப்பிள்ளைக்கு எப்போதும் இரண்டாவது இடம்தான் போலிருக்கிறது! ஆனால் ஒன்று: ஆரஞ்சு விளக்கு அணைந்து பச்சை வந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் அந்த அறைக்கு நான் கரண்டு கொடுத்தேன், குளிர் கொடுத்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

வேறு விசேஷம் இல்லை. மார்ச்சில் சர்வர் அறை இருக்கும் தளத்துக்கு முழுக்கப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தூசிக்கு இப்போதே என் தொண்டை அழுகிறது.

அண்ணிக்கு என் வணக்கம்.

சின்ன சகலை


மார்ச் 15

அன்புள்ள சகலைக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை நடந்ததை நீ அங்கிருந்து பார்த்தாய். நான் இங்கிருந்து பார்த்ததை எழுதுகிறேன். காலை பதினொன்று இருபது. பதினான்கு புள்ளிகளும் சாம்பல் நிறமாயின. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நொடியில். ஐந்து நிமிஷத்தில் கரண்டு திரும்ப வந்தது. ஆனால் அப்படித் திடீரென்று விழுந்த சர்வர்கள் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொண்டுதான் எழும். கடைசிப் புள்ளி பச்சையாகும்போது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. அதுவரை ஆஸ்பத்திரிகள் ஒன்றையொன்று போனில் கூப்பிட்டு ரத்தம் தேடியிருக்கின்றன. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு நாற்பது நிமிஷத் தாமதம். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு நான் ஒரு புது மென்பொருள் ஏற்றியிருந்தேன். மேலாளருக்கு அது போதும். "நீங்க அங்கேருந்து எதையோ தட்டிட்டீங்க. இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். பொறுப்பு என்னுடையது என்று இயக்குநருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மற்றதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வேலை இருக்கிறது. சர்வர் அறை மின்பலகையில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளுக்கு ஒரு கண்ணாடி மூடியும் பூட்டும் போட வேண்டும். ஒன்றுபோலவே இருக்கின்றன; யார் கையும் தவறலாம். இது இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும், செய்யவில்லை. கோரிக்கை அனுப்பியிருக்கிறேன். நீ நின்று போட வை.

பெயிண்ட் வாடையில் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி.

உன் பெரிய சகலை


ஏப்ரல் 6

அன்புள்ள சகலைக்கு,

சுகமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

கோபமென்றால் எழுது. கோபம் இல்லையென்றாலும் எழுது. இரண்டு வரி போதும்.

குழந்தைக்கு என் அன்பு.

பெரிய சகலை


ஏப்ரல் 21

மரியாதைக்குரிய பெரிய சகலைக்கு,

வணக்கம். அனைவரும் நலம். இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். குழந்தைக்குப் பரீட்சை, எனக்கு இடுப்பு, இப்படியே நாள் போய்விட்டது.

மின்பலகைக்கு மூடி போட்டாகிவிட்டது. பூட்டும் போட்டாகிவிட்டது. சாவி என்னிடம்.

புதன்கிழமை விஷயம் நடந்தது நடந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் கூட்டத்துக்காக மேலாளர் என்னிடம் ஓர் அறிக்கை கேட்டார். கொடுத்துவிட்டேன். என்னையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சின்ன சகலை


மே 14

அன்புள்ள சகலைக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே வெயில் ஏறிவிட்டது. அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது.

மேலாளர் முறைப்படி கடிதம் அனுப்பிவிட்டார். 'தொலைவிலிருந்து பணிபுரியும் ஏற்பாட்டை முடித்துக்கொள்வது குறித்து' என்று தலைப்பு. உன் அண்ணி படித்துவிட்டு, "நான் ராஜினாமா பண்ணிட்டு வந்துடறேன்" என்றாள். பதினெட்டு வருஷம் படிப்பும் வேலையுமாக ஏறி வந்த இடம். "நீ இறங்கினா நான் ஏறி உக்கார்ற நாற்காலி எனக்கு வேண்டாம்" என்றேன்.

மறுநாள் வேலையில் இறங்கினேன். ஒரே அறையில் எல்லாவற்றையும் வைத்திருப்பதால்தானே ஒரு மணி நேரம் உலகம் நின்றது? கிளை அலுவலகத்தில் சும்மா கிடந்த சர்வர்களில் நம் பதினான்கின் நகலை ஏற்றிவிட்டேன். இங்கே ஒன்று எழுதினால் அங்கேயும் அதே நொடியில் எழுதிக்கொள்ளும். தலைமை அலுவலகம் படுத்தால் நாற்பத்திரண்டு ஆஸ்பத்திரிகளையும் அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். இயக்குநர் அனுமதி தந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை. முதல் தடவை ஐம்பது நிமிஷம். போன ஞாயிறு பத்தொன்பது. உன் அண்ணி கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தய நடுவர் மாதிரி பின்னால் நிற்கிறாள்.

கூட்டத்தில் உனக்கு என்ன தெரியுமோ அதைச் சொல். எனக்காகத் தயங்காதே.

சுகமாக இரு.

உன் பெரிய சகலை


ஜூன் 18

அண்ணனுக்குச் சமமான பெரிய சகலைக்கு,

இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லை. அங்கே நீங்கள் சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை இதைப் படித்து முடித்து நீங்களே சொல்லுங்கள்.

நேற்றைய கூட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி, பத்தரை மணி. இயக்குநர், அதிகாரிகள் நான்கு பேர், மேலாளர். சுவரோரம் சாட்சியாக நான். மேலாளர் எழுந்தார்: "சார், ஒரு அறையைக் காக்கிறவன் அந்த அறைக்குப் பக்கத்துல இருக்கணும். தீப்பிடிச்சு எரிஞ்சாக்கூட அவருக்கு எப்படித் தெரியும்?" அப்போதுதான் என் சட்டைப்பை துடித்தது. மூன்றாவது தடவையாக நீங்கள்.

"எங்கே இருக்கே?"

"கூட்டத்துல."

"சர்வர் அறையில ரெண்டு ஏசியும் நின்னுடுச்சு. முப்பத்தொன்பது டிகிரி, ஏறிக்கிட்டே இருக்கு. ஓடிப்போய்க் கதவைத் திற. எதையும் அணைக்காதே, அது என் வேலை."

"சார், சர்வர் ரூம்ல ஏசி நின்னுடுச்சாம்" என்றேன்.

"யார் சொன்னா?" என்றார் மேலாளர்.

"அணையிலேருந்து அவருதான்."

அந்த அறையில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் கட்டடத்திலேயே இருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை!

இடுப்பாவது வலியாவது, ஓடினேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. இயக்குநர் அறை விசிறி, வரவேற்பறை விசிறி, எல்லாம் வந்தன. ஒன்றை மேலாளரே மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இரைக்க இரைக்க நின்றார். அதையும் சொல்ல வேண்டும். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். "ஒண்ணு அந்தப் பக்கம் போயிடுச்சு. ரெண்டு. மூணு..." என்று நீங்கள் பஸ் ஏற்றிவிடுகிறவர் மாதிரி எண்ணிக்கொண்டே வந்தீர்கள். ஒவ்வொன்றும் போகப் போக இங்கே ஒரு சர்வரின் இரைச்சல் அடங்கியது. பதினான்காவதும் அடங்கியபோது பதினாறு நிமிஷம். கோயில் மணி ஓய்ந்த மாதிரி இருந்தது.

இயக்குநர் தன் போனில் பெரிய ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். "எங்க சிஸ்டத்துல ஏதாவது பிரச்சினை தெரியுதா?" "என்ன பிரச்சினை? இப்பத்தான் ரெண்டு பை கேட்டோம், வந்துடுச்சே" என்றார் அந்தப் பக்கத்து நர்ஸம்மா. இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளைக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருக்கும் ஏசி மெஷினில் வயர் கருகியிருந்ததாம். மத்தியானத்துக்குள் சரி செய்தார்கள்.

கூட்டம் மறுபடி கூடியது. மேலாளர் குரல் இறங்கியிருந்தது, ஆனாலும் விடவில்லை. "இன்னிக்கு நல்லாப் பண்ணாரு, ஒத்துக்கறேன். ஆனா மார்ச் பன்னிரண்டு?" என்று என் அறிக்கையை எடுத்தார்.

சகலை, அந்த அறிக்கையில் நான் எழுதியது: 'சம்பவத்தன்று சர்வர் அறையில் பராமரிப்புப் பணி எதுவும் நடைபெறவில்லை.' அது பொய்.

எழுந்து நின்றேன். "சார், மார்ச் பன்னிரண்டு அவர் பண்ணினது இல்ல. நான். பெயிண்ட் அடிக்கிறவங்களுக்காக நடைபாதைக் கரண்டை நிறுத்தப் போனேன். தப்பான சுவிட்சை இழுத்துட்டேன். அஞ்சு நிமிஷத்துல போட்டுட்டேன், ஆனா பயத்துல யார்கிட்டயும் சொல்லல. பழி அவர் மேல போச்சு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

இயக்குநர் அந்த அறிக்கையை வாங்கி மூடி வைத்தார். அப்புறம் சொன்னார்: "அவருக்கு இன்னிக்கே நிரந்தர உத்தரவு. நீ பத்து நாள் வீட்டுல இரு. அட்டையை மேசை மேல வை." வைத்தேன். கதவு திறக்கும் அந்த அட்டையைப் பன்னிரண்டு வருஷமாகக் கழுத்தில் மாட்டியிருந்தேன்; கழுத்து லேசாகிவிட்டது.

அந்தப் பிரசவத்துப் பெண்ணை நினைக்காத நாள் இல்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்து எத்தனை தாளைக் கிழித்தேன் என்று என் வீட்டுக்காரியைக் கேளுங்கள். மன்னிப்பீர்களா என்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் வணக்கத்தை நீங்கள் விரும்பினால் சொல்லுங்கள்.

சின்ன சகலை


ஜூன் 24

அன்புள்ள சகலைக்கு,

நாங்கள் சுகம். இனி நான்கு வருஷத்துக்கு இருவரும் ஒரே கூரையின் கீழ் சுகம். உத்தரவை உன் அண்ணி மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை வாய்விட்டு, மேடையில் படிப்பது மாதிரி. பிறகு லீவு போட்டுவிட்டு, வேலைநாளில், பட்டப்பகலில், என்னை அணைச் சுவரின் மேல் ஒரு மைல் நடக்க வைத்தாள். உன் வணக்கத்தைச் சொல்லிவிட்டேன். "ஓடினாரே அந்த மனுஷன், இடுப்பு எப்படி இருக்காம்?" என்றாள்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். சகலை, எனக்கு அன்று மத்தியானம் இரண்டு மணிக்கே தெரியும்.

அந்தக் கதவு யாருடைய அட்டை எப்போது வந்தது என்று எழுதி வைக்கும். மின்பலகை எந்தச் சுவிட்ச் எப்போது விழுந்தது என்று எழுதி வைக்கும். பதினொன்று பதினெட்டு, உன் அட்டை. பதினொன்று இருபது, சுவிட்ச். இங்கே உட்கார்ந்து படித்தேன். யாராவது கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். மூடி போடாமல் வந்தவன் நான் என்பதால் பொறுப்பு என்னுடையது என்று எழுதியது பொய்யும் அல்ல.

ஆனால் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதே. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்று அதை உறையில் போட்டு, இயக்குநர் முகவரியும் எழுதினேன். கூட்டம் எனக்கு எதிராக முடிந்தால் மறுநாள் தபாலில் சேர்ப்பது என்று முடிவு. நீ எழுந்து நின்ற அந்த நேரத்தில் அந்த உறை இங்கே தபால்தலையோடு தயாராக இருந்தது. நீ எழுந்திருக்காவிட்டால் நான் வேலையில் ஜெயித்திருப்பேன். ஆனால் உன் வீட்டு வாசற்படி எனக்கு இல்லாமல் போயிருக்கும். அந்தத் தோல்வியிலிருந்து நீதான் என்னைக் காப்பாற்றினாய். உறையை நேற்று உன் அண்ணி முன்னால் கிழித்தேன்.

மன்னிப்பு என்று நம்மில் யார் யாரைக் கேட்பது? கணக்கு நேராகிவிட்டது, விடு.

இயக்குநர் நேற்று ஆபீஸ் போனில் கூப்பிட்டார். "அங்கேருந்து நீங்க பாத்துக்கறீங்க. சரி. ஆனா இங்கே சர்வர் அறைக்குன்னு நிரந்தரமா ஒரு ஆள் வேணும். நீங்க சொன்னதைப் புரிஞ்சு செய்யணும், தப்பு நடந்தா மறைக்காம சொல்லணும். யாரைப் போடலாம்?" என்றார். இரண்டாவது தகுதியை ஊரறியக் கூட்டத்தில் நிரூபித்தவன் ஒருவன்தான் இருக்கிறான் என்றேன். சிரித்தார். "அப்போ நீங்களே பாத்து ஆக வேண்டியதைப் பண்ணுங்க" என்றார்.

பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமையோடு உன் பத்து நாள் முடிகிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரவேற்பறையில் உன் அட்டையை வாங்கிக்கொண்டு சர்வர் அறைக்கு வா. அந்த அட்டைக்கு இன்று மத்தியானம் நான் இங்கிருந்தே உயிர் கொடுத்தாகிவிட்டது. கதவு திறக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் இருவரின் அன்பு.

உன் பெரிய சகலை